நட்சத்திரமிட்ட கட்டங்கள்

விலை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
சிவப்பாய் ஒரு வரி முளைத்தது:
பூஜ்யத்தை ஏற்க இயலாது.
"ஒரு ரூபா போடுங்க மேடம்,
எல்லாரும் அப்படித்தான்"
என்றார் பக்கத்து நாற்காலியில்
கிரானைட் ஏற்றுமதிக்கு வந்திருந்தவர்.
அவர் கல்லுக்கு எடை இருந்தது,
துறைமுகம் இருந்தது,
வாங்குகிறவனுக்கு ஒரு விலாசம் இருந்தது.

கோரமங்கலா, மூன்றாம் மாடி,
மின்விசிறி தன் பாட்டுக்கு.
நான் கொண்டுவந்திருப்பது
நாலாயிரத்து அறுநூறு வரிகள்.
ஒருவர் எழுதியதை வேறொருவர் படிக்காதபடி
பூட்டுகிற கணக்கு.
ஏழு வருஷமாய், யார் வேண்டுமானாலும்
எடுத்துப்போகத் திறந்தே கிடக்கிறது.

சேருமிடம்? நட்சத்திரம்.
இறுதிப் பயனர் யார்? அதற்கும் நட்சத்திரம்.
'தெரியாது' என்றேன்.
பத்து எழுத்தாவது வேண்டுமாம்.
'யாருக்கும் தெரியாது' என்று நீட்டினேன்.
இடைவெளியோடு சரியாக வந்தது.

அதிகாரி புட்டசாமி நல்ல மனிதர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"உலகத்துக்கே ஓசியா?
அப்ப இது ஏற்றுமதியே இல்லம்மா" என்றார்.
"அதை எழுத்தில் தருவீங்களா சார்?"
"எழுத்துல தர வழியில்ல."
"அப்ப, ஏற்றுமதிதானா?"
"அதையும் எழுத்துல தர வழியில்ல.
காபி, பை டூ சொல்லட்டுமா?"

குடித்தோம்.

எழுத்தில் கேட்டது நானல்ல.
பெல்லந்தூரில், காசு கொடுக்காமலே
என் பூட்டை மாட்டி வைத்திருக்கும் கம்பெனியின்
வக்கீல் நந்திதா போபண்ணா.
ஒரு தாள், ஒரே ஒரு முத்திரை,
இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கழற்றிவிடுவோம் என்று
அன்பாகத்தான் எழுதியிருந்தாள்.

பெஹ்ரூஸுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.
தப்ரீஸ் நகரம். முகம் பார்த்ததில்லை.
நாலு வருஷம் என் பிழைகளைத் திருத்தியவன்.
ஒரே ஒரு தமிழ்ச்சொல் கற்றுக்கொண்டு
அதையும் 'நன்ரி' என்றே எழுதுவான்;
அந்தப் பிழையை மட்டும் நான் திருத்தவில்லை.
மார்ச்சில் ஒருநாள் அவன் கணக்கு மூடிக் கிடந்தது.
அவன் நாட்டுச் சட்டமல்ல,
என் நாட்டுச் சட்டமும் அல்ல,
எங்கள் வரிகள் வாடகையின்றிக் குடியிருக்கும்
மூன்றாவது நாட்டின் சட்டம்.

நேற்று, எந்த வழியாகவோ, ஒரு மடல்.
கையெழுத்தில்லை.
பதின்மூன்று வரி நிரல், கீழே 'நன்ரி'.

என் பூட்டு
சாவியை ஒவ்வொரு பல்லாக ஒப்பிட்டு
பொருந்தாத பல்லில் சட்டென நின்றுவிடுகிறதாம்.
எவ்வளவு நேரத்தில் நின்றது என்பதை வைத்தே
திருடன் அடுத்த பல்லை அறிந்துகொள்வானாம்.
சரியோ தப்போ, கடைசிப் பல்வரை போ,
இரண்டுக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொள்
என்று மாற்றியிருந்தான்.
(புட்டசாமியை அவனுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் சிரித்திருப்பான்.)

இதை வாங்கலாமா என்று
யாரிடம் கேட்பது?
படித்துவிட்டதைப் படிக்காதவளாக
எந்த மாடியில் விண்ணப்பிப்பது?
நானே உட்கார்ந்து எழுதினாலும்
இதே பதின்மூன்று வரிதான் வரும்.
வேறு மாதிரி எழுத இடமில்லை அதில்.

இரவு. முருகேஷ்பாளையா சந்துக்குள்
பின்பக்கமாய் நுழையும் தண்ணீர் லாரியின்
பீப், பீப்.
ஓட்டை தெரிந்துவிட்ட பிறகு
தூக்கம் திருட்டுக்கு உடந்தை மாதிரி இருந்தது.
எனக்குத் தெரியாத எந்த ஊரிலோ
யாரோ ஒருத்தி டாக்டருக்கு எழுதிக்கொண்டிருப்பாள்,
என் பூட்டை நம்பி.

வரிகளைச் சேர்த்தேன். சோதனைகள் எல்லாம் பச்சை.
எழுதியவர் பெயர்?
இங்கேயும் நட்சத்திரம்.
அவன் பெயரைப் போட்டால் என் கணக்கும் போகலாம்.
பொற்செல்வி என்று போட்டால்

கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஒன்றை எழுதினேன்.
எது என்று சொல்வதாக இல்லை.
ஆனால் அந்தக் கட்டத்தில்
எவ்வளவு நேரம் நின்றேன் என்று
யாராவது அளந்திருந்தால்
கண்டுபிடித்திருப்பார்கள்.